ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடி

நடு வீட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு இருமல். பின்னறையில் மோட்டார் மாட்டித் தலைகீழாக நிறுத்தியிருந்த சைக்கிளின் முன்னால் உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்வி, ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தாள். உறுமிக்கொண்டும் உதறிக்கொண்டும் இருந்த பின்சக்கரம் அடங்கியது.

அது சளி இருமல் அல்ல என்று அவளுக்குத் தெரியும். வடக்கனந்தலில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அவள் கணவர் தனசேகரன், வேலையாள் தப்பாக ஒயரை இணைத்துவிட்டால் திட்டமாட்டார். முகத்தைக்கூடத் திருப்பமாட்டார். இருமுவார். அந்த இருமலைக் கேட்டதும் எதிரில் இருப்பவன் தானாகவே ஸ்விட்சை அணைத்துவிட்டு, எங்கே தப்பு என்று தேடத் தொடங்கிவிடுவான்.

இந்த வீட்டில் அந்த இருமல் கேட்டு ரொம்ப நாளாகிறது. செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய், "இன்னாங்க?" என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் இந்த சைக்கிள் யாருக்கு என்ற பேச்சும் கூடவே வரும். அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஒயர்களின் மேல் குனிந்தாள்.

இந்தக் கதைக்கு உரியவள் அவள்தான். கடையின் போர்டில் அவள் பெயர் கிடையாது. ஆனால் கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் மரவள்ளிக்கும் தண்ணீர் இறைக்கிற எத்தனையோ பம்புசெட்டுகளின் வயிற்றுக்குள் அவள் விரல் சுற்றிய செப்புக் கம்பி இருக்கிறது. திருநாவலூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு மிக்ஸி பிளக்கை மாட்டவே பயம். தனசேகரன் கடையில் அவிழ்த்த மோட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார். அடுப்பில் உலை கொதிக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றக் கற்றுக்கொண்டாள். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே காயில் சுற்றினாள். வார்னிஷ் வாசனையும் பால் வாசனையும் கலந்த வீடு அது. அந்தக் குழந்தைதான் தனுஷா.

தனசேகரனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். காயில் கட்டிய மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் பின்மூடியைக் கொடுக்கமாட்டார். கடை அலமாரியில் வைத்துக்கொள்வார். நாலு நாள் தண்ணீர் இறைத்த பிறகு மோட்டாரை ஓட்டுகிறவரே நேரில் வந்து, எப்படி ஓடுகிறது, என்ன சத்தம் வருகிறது, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று சொல்லிவிட்டு மூடியை வாங்கிப் போகவேண்டும். ஆளை அனுப்பினால் கொடுக்கமாட்டார்.

"மேஸ்திரி கடையில மோட்டாரு கம்மி, மூடிதான் ஜாஸ்தி" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

"ஓட்றவனுக்குத்தான்யா சத்தம் தெரியும். நீ போயி அவன வரச் சொல்லு" என்பார் தனசேகரன். அதோடு முடிந்தது.

அப்படிப்பட்டவர், தன் மகளைத் தலைமுழுகினார்.

தனுஷா நர்சுக்குப் படித்தாள். கிராம சுகாதாரச் செவிலியராக மலைமேல் வேலை கிடைத்தது. வெள்ளிமலைக்கு பஸ் இருக்கிறது. அதற்கப்பால் சின்னச் சின்ன ஊர்களுக்கு மண்பாதைதான். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் உருளைக்கல். ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு தடவை சறுக்கி விழுந்து முட்டி பெயர்ந்து வந்தாள். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு பையன் ஆசைக்கு வாங்கி, மிதிக்க முடியாமல் மூலையில் போட்டிருந்த குண்டு டயர் சைக்கிளை தனசேகரன்தான் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். சக்கரம் ஒவ்வொன்றும் பூசணிக்காயைப் போல உப்பியிருந்தது. சேற்றிலும் மணலிலும் சறுக்காது.

"இன்னா மேஸ்திரி, பொண்ணுக்கு டிராக்டர் டயர் போட்டு சைக்கிள் வாங்கியாந்துகீற?" என்று எதிர்வீட்டு குஞ்சம்மாள் கேட்டாள்.

"ஏரு பூட்டி உழுறதுக்கு" என்றார் தனசேகரன்.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு தனுஷா கீழே கொண்டுவந்து போட்டுவிட்டாள். "அப்பா, சறுக்கல, நெஜந்தான். ஆனா ஏத்தத்துல இத்த மிதிக்கிறதுக்கு ஊசியக் கையில புடிச்சிக்கினு நடந்தே போயிடலாம். முழங்காலு கழண்டுடும் போலக்கீது."

"மோட்டாரு போட்டுத் தரேன். நீ சும்மா உக்காந்துக்கினு போ."

"பம்புசெட்டு மோட்டாரா? ஒயர இங்கிருந்தே மலைக்கு இழுத்துக்கினு போவணும்."

அப்பாவும் மகளும் அன்று சிரித்த சிரிப்பை செல்வி சமையலறையிலிருந்து கேட்டாள். அந்தச் சிரிப்புதான் அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு என்று தெரிந்திருந்தால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றிருப்பாள்.

போனில் ஆர்டர் போட்டு மோட்டார் வந்தது. நடுவில் மோட்டார் வைத்த சக்கர ரிம், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர், கைப்பிடி ஆக்சிலேட்டர், பிரேக், பேட்டரி, சார்ஜர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்திறங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டுவதாக இருந்தார். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே சங்கராபுரத்தில் தனுஷா வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வெற்றிவேல், மலைமேல் ஊர்க்காரன். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரும் குட்டியானை லோடு வண்டியின் டிரைவர். கல்யாண போட்டோ வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஊர் முழுக்க ஒவ்வொருவர் போனுக்கும் போயிருந்தது.

அண்ணன் தம்பிகள் வந்து கூடினார்கள். யாரும் கத்தவில்லை. தனசேகரன் பின்பக்கம் போனார். போர் குழாயடியில் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். "இன்னியோட எனக்குப் பொண்ணு இல்ல" என்றார். குடத்தை நிரப்பி செல்வியிடம் நீட்டினார். அவளும் ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் சில்லென்றும் இல்லை, சுடவும் இல்லை.

தலைமுழுகினால் அவ்வளவுதான். கொடுக்கல் இல்லை, வாங்கல் இல்லை. நல்லதுக்குப் போகக்கூடாது, கெட்டதுக்கும் போகக்கூடாது. இந்த வாசற்படியைத் தாண்டி ஒரு பிடி உப்புகூட அங்கே போகக்கூடாது. மோட்டார் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. சைக்கிள் பின்னறைச் சுவரில் சாய்ந்தது. மகளின் பெயர் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பெயரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

காலையில் எழுந்தாள். கோலம் போட்டாள். காயில் சுற்றினாள். சாப்பிட்டாள். யாராவது கேட்டால், "நல்லாத்தான்கீறேன்" என்று சொன்னாள். அது பொய்யும் அல்ல. வலித்தால்தானே நல்லா இல்லை என்று சொல்வதற்கு?

சந்தை நாளில் மலையிலிருந்து சாலம்மாள் இறங்கி வருவாள். சாமை, புளி, கடுக்காய், சில சமயம் தேன். செல்வி எதுவும் கேட்கமாட்டாள். சாமையை அளந்துகொண்டே சாலம்மாள் யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லுவாள். நர்சம்மா நேத்து எங்க ஊருக்கு வந்துச்சி. நர்சம்மாவுக்கு ஜுரம், இப்போ தேவலை. நர்சம்மா முழுவாம இருக்குது. அதைக் கேட்ட நாளில் செல்வி ஒரு படிக்குப் பதிலாக மூன்று படி சாமை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

போன மாதச் சந்தையில் சாலம்மாள் வாயே திறக்காமல் அளந்தாள்.

"இன்னா சாலம்மா, ஊமையாட்டம் இருக்கிற?"

"ஒண்ணுல்லமா."

"சொல்லு."

சாலம்மாள் படியைக் கீழே வைத்தாள். "வயித்துல இருந்தது நிக்கலமா. கலைஞ்சிபோச்சி. மழையில ஓடையத் தாண்டி அந்தாண்ட ஊருக்கு ஊசி போடப் போச்சி. நடந்தே போயி நடந்தே வந்துச்சி. மறுநாளே இப்டி. நடந்ததால இல்ல, இது தானா ஆவுறதுதான்னு பெரிய டாக்டரம்மா சொல்லிச்சாம். நீ மனசப் போட்டு..."

"இன்னும் ஒரு படி போடு" என்றாள் செல்வி.

தன் குரல் எந்த மாற்றமும் இல்லாமல் வந்ததில் அவளுக்கு ஆச்சரியம்கூட இல்லை. பையை வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா சொன்னது காதில் தங்கவில்லை. நடந்தே போயி நடந்தே வந்துச்சி என்பது மட்டும் பஸ்ஸின் ஓட்டத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பெற்ற மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது தலையைத் தடவ ஒரு கை இல்லை. இருந்த கை இங்கே கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வீடு வந்தது. அழுகை வரவில்லை.

சாமையை டப்பாவில் கொட்டினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து மோட்டார் பெட்டியை இழுத்தாள்.

முதலில் பேட்டரியைத்தான் பார்த்தாள். இந்த மாதிரிப் பேட்டரியை சார்ஜ் போடாமல் வருஷக்கணக்கில் போட்டுவைத்தால் செத்துப்போகும் என்பது கடை வீட்டில் இருக்கிற யாருக்கும் தெரியும். செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

கையை எடுத்து மறுபடியும் அழுத்தினாள். எரிந்தன.

பெட்டியின் மேலே தூசி படிந்திருந்தது. ஆனால் பேட்டரி இருந்த பக்கம் அட்டை திறந்து மூடிய தடம் இருந்தது. அவள் சற்றுமுன் பிரித்த கறுப்பு டேப் அதில் தொங்கியது. டேப்பின் முனை சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது, அடுத்த தடவை பிரிக்க நகம் தேட வேண்டாம் என்று. அப்படி மடிக்கிறவர் இந்த ஊரில் ஒருவர்தான். அவள் சந்தைக்குப் போன நாட்களில், கோயிலுக்குப் போன நாட்களில், தலைமுழுகிய அந்த மனிதர் கட்டிலுக்கு அடியில் குனிந்து இந்தப் பேட்டரியை வெளியே எடுத்திருக்கிறார். சார்ஜ் போட்டிருக்கிறார். திரும்ப வைத்து டேப்பை ஒட்டியிருக்கிறார். ஒரு தடவையா, பல தடவையா என்று டேப் சொல்லவில்லை. பேட்டரி உயிரோடு இருந்தது. அது போதும்.

அவர் மேல் கோபம் வரவேண்டும். அல்லது இரக்கமாவது வரவேண்டும். செல்வி தரையில் உட்கார்ந்து இரண்டுக்காகவும் காத்திருந்தாள். பிறகு எழுந்து ஸ்பேனரைத் தேடினாள்.

வேலையைக் கடைக்கு எடுத்துப் போகவில்லை. பின்னறையிலேயே செய்தாள். பழைய பின்சக்கரத்தைக் கழற்றினாள். குண்டு டயரை அந்த ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து மோட்டார் ரிம்முக்கு ஏற்றுவதற்குள் கட்டைவிரல் நகம் பிளந்தது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. புது அச்சு சைக்கிளின் கவட்டைக்குள் இறங்கவில்லை. அரத்தை எடுத்து ராவி ராவி இறக்கினாள். மோட்டார் இழுக்கும்போது அச்சே திரும்பிக்கொண்டு ஒயரை அறுத்துவிடக்கூடாது என்று, அதைப் பிடித்து நிறுத்த இரும்புப் பட்டை ஒன்றை வெட்டி இரண்டு பக்கமும் முடுக்கினாள்.

கன்ட்ரோலரை எங்கே வைப்பது? மலையில் தூசி, சேறு. கடையிலிருந்து வந்த ஓட்டை உடைசலில் பழைய பம்புசெட்டு ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று கிடந்தது. சின்னத் தகரப் பெட்டி. துருவைச் சுரண்டினாள். காற்றுப் போக அடிப்பக்கம் துளை போட்டாள். பச்சை பெயிண்ட் அடித்து, இரண்டு கிளாம்ப் வைத்து சைக்கிளின் நடுத்தண்டில் தொங்கவிட்டாள். அதன் மூடிக்கும் பெயிண்ட் அடித்து ஜன்னலில் காய வைத்தாள்.

தனசேகரன் கடைக்குப் போனார், வந்தார். நடு வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார். பின்னறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அவர் பார்வை அந்தப் பக்கம் வரவே இல்லை. வராமலிருக்க எவ்வளவு முயற்சி செய்கிறார் என்பது அவர் கழுத்தைப் பார்த்தால் தெரியும்.

இன்றைக்கு மதியம் ஒயரைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். சக்கரம் சுற்றியது, பின்பக்கமாக.

பம்புசெட்டில் இது தினமும் நடக்கிற விஷயம். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் ஏறாது. மூன்று ஒயரில் எந்த இரண்டையாவது மாற்றிப் போட்டால் சரியாகச் சுற்றும். யோசிக்கவே வேண்டாம், கை தானாகவே செய்யும். செல்வியின் கையும் அதைச் செய்தது. மூன்று தடிமனான ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டு ஆக்சிலேட்டரைத் திருகினாள். சக்கரம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அடைபட்ட மாடு மாதிரி உறுமிக்கொண்டு நடுங்கியது.

அப்போதுதான் அந்த இருமல்.

இப்போது வேறு இரண்டை மாற்றினாள். திருகினாள். அதே உறுமல். சைக்கிள் முழுவதும் அதிர்ந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தனசேகரன் பின்னறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ரெண்ட மாத்துனியா?"

"மாத்துனேன்."

"வேற ரெண்டு?"

"அதயும் மாத்துனேன்."

"மாத்துனா ஓடணுமே" என்றார். வாழ்நாள் முழுவதும் அப்படி மாற்றித்தான் அவர் கையில் மோட்டார்கள் ஓடியிருக்கின்றன. அவரும் வந்து குந்தி உட்கார்ந்து, அவள் செய்த அதையே தன் கையால் ஒரு தடவை செய்தார். சக்கரம் உறுமியது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே எத்தனையோ நாளாகியிருந்தது.

"கூடவே இந்த நூலாட்டம் ஒயரு வருதே, அது இன்னாத்துக்கு?" என்று செல்வி கேட்டாள்.

"சக்கரம் எங்க நிக்குதுன்னு கன்ட்ரோலருக்குச் சொல்றது."

"அப்ப நாம இங்க தடி ஒயர மாத்திட்டோம். அது பழையபடியேதான சொல்லிக்கினு இருக்கும்?"

தனசேகரன் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போய் மாட்டிக்கொண்டு வந்தார். மெல்லிய ஒயர்களிலும் ஒரு ஜோடியை மாற்றினார். உறுமியது. வேறு ஜோடி. அவள் ஆக்சிலேட்டரைத் திருகினாள்.

சக்கரம் சத்தமே இல்லாமல் முன்பக்கமாகச் சுழன்றது. குண்டு டயரின் காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"எங்க போவுது இது?" என்று கேட்டார் தனசேகரன்.

"மேல."

சக்கரம் தானாக நிற்கும்வரை அவர் அதையே பார்த்தார். "பிரேக்கப் புடிச்சா மோட்டாரு ஆஃப் ஆவுதான்னு பாத்தியா?"

"இன்னும் பாக்கல."

"பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். டி.வி. சத்தம் மறுபடியும் கேட்டது.

போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டுக்குப் பின்பக்கம் வழி கிடையாது. காம்பவுண்டுச் சுவர். சைக்கிள் வெளியே போனால் நடு வீட்டைக் கடந்து, ஒரு பிடி உப்புகூடத் தாண்டக்கூடாத அந்த வாசற்படியைத் தாண்டித்தான் போகவேண்டும். செல்வி சாலம்மாளிடம் சொல்லி அனுப்பினாள். வியாழக்கிழமை, மேஸ்திரி கடைக்குப் போன பிறகு, வெற்றிவேல் கிழங்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியோடு வரட்டும்.

வியாழக்கிழமை காலை கிளாம்ப்பை எல்லாம் ஒருமுறை முடுக்கிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடி போட ஜன்னலைப் பார்த்தாள். மூடி இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. குப்பையில் இல்லை. எடுத்தவர் யார் என்று யோசிக்க வேண்டியதில்லை, வீட்டில் இருப்பதே இரண்டு பேர். எதற்கு எடுத்தார்? கடைப் பழக்கமா? கோபமா? மூடி இல்லாத பெட்டியை எப்படி மலைக்கு அனுப்புவாள், அதனால் நிறுத்திவிடுவாள் என்ற எண்ணமா? அவளுக்கு அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பாலிதீன் கவரை எடுத்துப் பெட்டியின் வாயைக் கட்டினாள்.

தனசேகரன் குளித்தார். சட்டை போட்டுக்கொண்டார். சாப்பிட்டார். பிறகு கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நடு வீட்டில் வாசலுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கடைக்குப் போவலயா?" என்றாள் செல்வி.

"போவணும்" என்றார். எழுந்திருக்கவில்லை.

வெளியே குட்டியானையின் ஹாரன் கேட்டது. செல்வி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சட்டையில் செம்மண்ணோடு ஒல்லியாக ஓர் ஆள் வந்து படிக்கு வெளியே நின்றான். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்பதுபோல வண்டியைப் பார்த்தான். போகவில்லை.

"மேஸ்திரி" என்றான்.

கடைக்கு வருகிற எல்லோரும் கூப்பிடுகிற பெயர் அது. மாமா என்று கூப்பிட உரிமை இருக்கிறவன் மேஸ்திரி என்று கூப்பிட்டான்.

"யாரு?"

"வண்டி எடுக்க வந்தேங்க."

"எந்த வண்டி?"

வெற்றிவேல் சட்டையில் இருந்த செம்மண்ணைத் தட்டினான். "மோட்டாரு போட வந்த வண்டிங்க. குண்டு டயரு."

டி.வி.யில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். தனசேகரன் ரிமோட்டை எடுத்து அதை அணைத்தார்.

"உள்ள வா. வேல குடுத்த ஆளு வாசல்ல நின்னுக்கினு பேசற வூடு இல்ல இது."

வெற்றிவேல் செருப்பை வெளியே விட்டான். படியைத் தாண்டி உள்ளே வந்தான். சுவர் ஓரமாக நின்றான். செல்வி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்களுக்கும் தண்ணீர் கொடுப்பது உண்டு. அதில் தப்பில்லை. அவன் ஒரே மூச்சில் குடித்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தன் மகளைத் தினமும் பார்க்கிற கண் இதுதான் என்று மட்டும் நினைத்தாள்.

பின்னறையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டயர் சிமெண்டுத் தரையில் ஒட்டி ஒட்டி எழுந்தது. தனசேகரனின் கால் வழியில் நீட்டியிருந்தது. செல்வி நின்றாள். அவர் சைக்கிளைப் பார்த்தார். பிறகு காலை மடக்கிக்கொண்டார்.

"ஏத்தத்துல சும்மா உக்காந்துக்கினு போவக்கூடாது" என்று வெற்றிவேலிடம் சொன்னார். "மிதிச்சிக்கினே முறுக்கணும். மோட்டாரு தொணைக்குத்தான். முழுக்க அது மேல ஏறி உக்காந்தா சூடாயிடும்."

"சரிங்க."

"சார்ஜு தீந்துபோயி சும்மா போட்டுவெக்கக் கூடாது. ஓட்டலன்னாலும் அப்பப்ப போட்டுக்கினே இருக்கணும். போடாம வுட்டா செத்துப்பூடும்."

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஓட்றது யாரு?"

வெற்றிவேல் சைக்கிளைப் பார்த்தான். "வூட்ல" என்றான்.

"கனம் இன்னா இருக்கும்? கனத்துக்குத் தக்கனதான் காத்து அடைக்கணும்."

"முன்ன இருந்ததுக்கு இப்ப பாதி கூட இல்ல மேஸ்திரி. ரொம்ப எளச்சிப்போச்சி. சரியா சாப்புடறதில்ல."

இருமல் வந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று. தனசேகரன் கைமுட்டியை வாயில் வைத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். யார் எந்த ஒயரைத் தப்பாக இணைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வெற்றிவேல் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டான். "இதுக்கு மூடி இல்லீங்களா? பாலிதீன் கட்டிக்கீது?"

"இருக்குது."

தனசேகரன் எழுந்தார். டி.வி.க்குப் பின்னால் கையை விட்டார். பச்சை பெயிண்ட் அடித்த அந்தத் தகர மூடியை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த தூசியை வேட்டியில் துடைத்தார். செல்விக்கு அப்போதுதான் உள்ளங்கை வியர்த்திருப்பது தெரிந்தது.

"குடுங்க மேஸ்திரி, ரெண்டு ஸ்குரூதான, நானே போட்டுக்கறேன்" என்று வெற்றிவேல் கையை நீட்டினான்.

"ஒங்கிட்ட குடுக்க முடியாது."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"எங்கடைப் பழக்கம் ஒனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்" என்றார் தனசேகரன். அவனைப் பார்க்காமல் மூடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கொஞ்ச நாளு ஓடட்டும். எப்டி இழுக்குது, எங்க சத்தம் வருது, எங்க சூடாவுது, எல்லாம் தெரியணும். ஒனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி? ஓட்றவங்களுக்குத்தான் தெரியும். அவங்கதான் வந்து வாங்கணும்."

"வந்தா..." என்று தொடங்கினான் வெற்றிவேல். வாசற்படியைத் திரும்பிப் பார்த்தான். "வந்தா உள்ள வரலாங்களா?"

"வேல குடுத்த ஆளு வாசல்ல நின்னுக்கினு பேசற வூடு இல்லன்னு இப்பதான சொன்னேன்."

மூடியை டி.வி. ஸ்டாண்டின் மேல், உள்ளே வருகிற யார் கண்ணிலும் படுகிற மாதிரி நிமிர்த்தி வைத்தார். திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

செல்வி சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்தாள். வெற்றிவேல் ஹேண்டில்பாரைப் பிடித்தான். முன்சக்கரம் படியில் ஏறி இறங்கியது. பின்சக்கரமும் மோட்டாரின் கனத்தோடு மெல்ல ஏறி இறங்கியது. குட்டியானையில் மரவள்ளி மண் ஒட்டிய சாக்குகளுக்கு நடுவில் சைக்கிளைப் படுக்க வைத்துக் கயிறு கட்டினான். சார்ஜரை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அதே பையில் சாமையும் இருந்தது. எப்போது போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"சாப்புடச் சொல்லு" என்றாள்.

"சொல்றேன். வரேன் அத்தே" என்றான் அவன், எதிர்வீட்டுக்குக் கேட்காத குரலில்.

வண்டி கச்சிராயபாளையம் பக்கம் திரும்பி மறையும்வரை செல்வி வாசலில் நின்றாள். மலை தூரத்தில் நீலமாக, எப்போதும் போலத் தெரிந்தது. கண் கரிக்கவில்லை. பிளந்திருந்த கட்டைவிரல் நகம் மட்டும் மெல்ல வலிக்கத் தொடங்கியிருந்தது.

"கதவச் சாத்து. தூசி வருது" என்றார் தனசேகரன் உள்ளேயிருந்து.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை.